உயிருள்ளவனுக்கு அவித்த கோதுமை

வருஷா வருஷம், இறந்தவர்களுக்குப் படையல் போடும் ஆத்மாக்களின் சனிக்கிழமை வந்தால் எவாந்தியா வீட்டில் ஒரே பேச்சுதான். மகள் அக்லயா ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்துக் கோடு போட்டு, இடது பக்கம் ‘உயிரோடிருப்பவர்கள்’ என்றும் வலது பக்கம் ‘இறந்தவர்கள்’ என்றும் எழுதுவாள். எவாந்தியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்பில் கோதுமையைக் கிண்டிக்கொண்டே பெயர்களைச் சொல்லுவாள். கோயிலில் பாதிரியார் வாசிக்க வேண்டிய தாள் அது. இறந்தவர்கள் பக்கம் மளமளவென்று நிரம்பிவிடும். மாமனார், மாமியார், அகதி முகாமில் விஷக்காய்ச்சலில் போன புருஷன் தோமாஸ், பால்குடி மறக்கும் முன்னே போன இரண்டு பிள்ளைகள். மறு பக்கத்தில் எவாந்தியா, அக்லயா. அவ்வளவுதான்.

“அண்ணன எந்தப் பக்கம் எழுத?”

“எதுலயும் வேணாம். மடிச்சு வை.”

அண்ணன் ஸ்டெர்யோஸை, நாற்பத்தேழாம் வருஷம் வசந்தத்தில் ஒரு காலை நேரம், அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த கம்யூனிஸ்டு ஆட்கள் மலையிலிருந்து இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பதினேழு வயது. அதே காலையில் பக்கத்து வீட்டு டெஸ்போவின் மகன் அர்கீரிஸை, ஊர்க்காவல் படையில் சேர்ந்து அரசாங்கத் துப்பாக்கி வாங்கினான் என்று களத்தில் நிறுத்திச் சுட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பிணம், இந்தப் பக்கம் கலைந்த படுக்கை. என் வீட்டுக் கதவை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது ஸ்டெர்யோஸ்தான் என்பது டெஸ்போவின் மனதில் அன்றைக்கே ஊறிவிட்டது. என் பிள்ளை அழுதுகொண்டேதான் போனான் என்பது எவாந்தியாவின் மனதில். நிஜமாகப் பார்த்தவர்கள் ஒன்று செத்துப்போனார்கள், இல்லை வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் ராணுவம் வந்து ஊரையே காலி செய்து, டவுனுக்கு வெளியே கூடாரத்தில் போட்டது. இரண்டு குளிர்காலம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, தொழுவத்தில் ஆடு இல்லை. சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. ஊரில் எங்கே முடிந்தது? காப்பிக்கடை இரண்டாகப் பிரிந்தது, அரசாங்கப் பக்கத்தவர்களுக்கு ஒன்று, மலைக்குப் போனவர்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்று. தண்ணீர் எடுக்கப் பெண்கள் ஒரு நேரத்தில் இவர்கள், ஒரு நேரத்தில் அவர்கள் என்று போனார்கள். பெண் கேட்டு வந்தால் வீடு வாசலை அப்புறம்தான் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா எந்தக் கடையில் காப்பி குடிக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி.

ஸ்டெர்யோஸ் என்ன ஆனான்? ஆறு வருஷம் ஒரு தகவலும் இல்லை. ஐம்பத்து மூன்றில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தோமாஸின் அண்ணன் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குள் ஸ்டெர்யோஸ் எழுதிய இன்னொரு கடிதம், ஒரு போட்டோ. எவாந்தியா அதை மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுபோய் லம்ப்ரோஸ் பாதிரியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் நின்று வாசித்தார். அங்கே கேட்டது வெளியே போகாது. எல்லை தாண்டிப் போன கம்யூனிஸ்டுகளைக் குடியேற்றிய டாஷ்கெண்டில் செங்கல் சூளையில் வேலையாம். கல்யாணம் ஆகிவிட்டதாம். ஒரு பெண்குழந்தை, அதற்கு எவாந்தியா என்றே பெயராம். போட்டோவில் அவன் பெரிய கோட்டுக்குள் சிரித்துக்கொண்டு நின்றான். எவாந்தியா அதை மூன்று நாள் வைத்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் வாங்கியவர்களைத் தீவுச் சிறைக்கு அனுப்பிய காலம் அது. நாலாம் நாள் இரண்டையும் அடுப்பில் போட்டாள். அக்லயாவிடம் மூச்சு விடவில்லை. தெரியாத பிள்ளையை அடித்துக் கேட்டாலும் தெரியாதென்றுதானே சொல்லும்? பாதிரியார் கையாலேயே ஆஸ்திரேலியாவுக்குப் பதில் எழுதவைத்தாள். இனி எழுத வேண்டாம், நாங்கள் நலம்.

ஐம்பத்தாறில் அக்லயா ஆசிரியப் பயிற்சிப் பரீட்சை எழுதித் தேறினாள். மாவட்டத்தில் மூன்றாவது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் நடத்தைச் சான்று வாங்காமல் பயிற்சிப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. சார்ஜெண்ட் கரவேலஸ் தாயைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். எவாந்தியா உட்காரவில்லை.

“உக்காருங்கம்மா. நான் உங்களுக்கு விரோதி இல்ல.”

“விரோதின்னு நான் சொல்லலியே.”

“பொண்ணு கெட்டிக்காரி. அவளைப் பத்தி ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தத் தாள்ல குடும்பத்துல யாராச்சும் கொள்ளைக்காரங்களோட போனாங்களான்னு ஒரு கேள்வி இருக்கு.”

“அப்ப அவளுக்குப் பத்து வயசு, சார்ஜெண்ட். மூக்குகூடச் சரியாச் சிந்தத் தெரியாது.”

“அவளைக் கேக்கலம்மா. உங்க மகன் ஃபைல்ல ‘காணவில்லை’ன்னு இருக்கு. அத மேல இருக்கறவங்க எப்படிப் படிப்பாங்க? அந்தப் பக்கம் உக்காந்து நமக்குக் குழி பறிக்கிறான்னுதான் படிப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “செத்தவனுக்குக் கொள்கை கிடையாது. செத்துட்டான்னா ஃபைல மூடிரலாம். வர்ற சனிக்கிழமை அவனுக்குப் படையல் போடுங்க. பாதிரியார் முழுப்பேரை, வயசோட வாசிக்கட்டும். ஊர் சாப்பிடட்டும். செத்துட்டான்னு அவர் ஒரு சீட்டு எழுதித் தந்தா மத்தத நான் பாத்துக்கறேன்.”

“செத்தான்னு யாரு பாத்தா?”

“செத்தான்னு யாரும் பாக்க வேண்டாம்மா. ஊர் சாப்பிட்டாப் போதும்.”

அங்கிருந்து நேரே பாதிரியாரிடம் போனாள். அவர் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று புகை போட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, உயிரோட இருக்கறவன் பேரை அந்தப் பக்கம் வாசிச்சா அவன் போய்ச் சேந்துருவாங்கறாங்களே?”

“கிழவிங்க பேச்சு.”

“நானும் கிழவிதான் சாமி.”

அவர் புகைச்சட்டியைக் கீழே வைத்தார். “உன் மாமனார் பேரும் ஸ்டெர்யோஸ்தானே? தாத்தா பேரைத்தானே பேரனுக்கு வச்சே? நான் வாசிக்கறப்ப நீ அவரை நெனச்சுக்கோ.”

“முழுப்பேரு கேட்டிருக்காரு. ஸ்டெர்யோஸ், தோமாஸ் மகன், வயசு பத்தொம்போதுன்னு. சண்டையோட கடைசி வருஷத்துல செத்ததா இருக்கணுமாம். என் மாமனார் எம்பது வயசுல பல்லு கொட்டிப் போனாரு.”

“அப்ப கடவுள்கிட்ட நான் தனியா விளக்கிச் சொல்லிக்கறேன்.”

“கடவுள்கிட்ட நீங்க சொல்லிக்குவீங்க. அவன்கிட்ட யாரு சொல்றது?”

பாதிரியார் புகைச்சட்டியை மறுபடி கையில் எடுத்தார். ஆனாலும் சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். அவருக்கும் சார்ஜெண்டுக்கு முன்னால் நின்று பேச வேண்டிய நாட்கள் இருந்தன.

வீட்டில் அக்லயா தாளை மடித்துக் கோடு போட்டாள். இந்தத் தடவை எவாந்தியா கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணன வலது பக்கம் எழுது.”

அக்லயாவின் பேனா நின்றது. “தகவல் வந்துச்சா?”

“சார்ஜெண்ட் சொன்னாரு.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அக்லயா எழுதினாள். எழுதி முடித்துத் தாளின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். எவாந்தியா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அடுப்பில் கோதுமை அடிப்பிடிக்கிற வாசனை வந்து எழுந்து போய்விட்டாள்.

கோயிலில் ஒரு நீள மேசை. ஒவ்வொரு வீட்டுத் தட்டும் வரிசையாக இருக்கும். அவித்த கோதுமையின் மேல் சர்க்கரையைத் தூவி, மாதுளையும் பாதாமும் பதித்து, நடுவில் மெழுகுவர்த்தி குத்தியிருப்பார்கள். வாசித்து முடிந்ததும் எல்லோரும் எல்லோர் தட்டிலிருந்தும் ஒரு பிடி அள்ளி, ‘கடவுள் அவனை மன்னிக்கட்டும்’ என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். வேண்டுமென்றோ தற்செயலாகவோ, டெஸ்போவின் தட்டும் எவாந்தியாவின் தட்டும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன.

லம்ப்ரோஸ் பாதிரியார் அந்தப் பெயரை வேகமாக வாசித்தார், சுடுகஞ்சி விழுங்குகிற மாதிரி. அக்லயா கதறினாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எவாந்தியாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. காதுக்குள் செங்கல் சரிகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் சார்ஜெண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பயபக்தியாக நின்றார். அவரும் ஒரு பிடி அள்ளி மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஊரே சொன்னது. பத்து வருஷமாக முகம் பார்க்காதவர்கள்கூட வந்து அள்ளினார்கள். செத்துப்போன எதிரியைப் பார்ப்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

டெஸ்போ கடைசியாக வந்தாள். அள்ளி வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“நல்லாத்தான் வெந்திருக்கு.”

எவாந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் மகன் நெஜமாவே மண்ணுக்குள்ள கெடக்கான். அவன் தட்டுக்குப் பக்கத்துல இதக் கொண்டாந்து வச்சிருக்கியே, உனக்குக் கூசல?” சத்தமே வராமல் கேட்டாள். “ஆளுக்கு ஒரு முட்டைன்னா, ரெண்டு பேரு இருக்கற வீட்டுல மூணு வருஷமா ஈஸ்டருக்கு மூணு முட்டைக்குச் சாயம் ஏத்துறே. ஒரே சுவருடி நமக்கு. செத்தவனோட அம்மா எப்படி நடப்பான்னு எனக்குத் தெரியாதா?”

“டெஸ்போ, அந்தப் பொண்ணு...”

“சொல்ல மாட்டேன். பொண்ணு படிச்சுட்டுப் போகட்டும். ஆனா மன்னிக்கட்டும்னு என் வாயில வராது. செத்தவனத்தான் மன்னிக்க முடியும்.”

சான்று வந்தது. அக்லயா பயிற்சிப் பள்ளிக்குப் போனாள், அண்ணனுக்காகக் கறுப்பு உடுத்திக்கொண்டு. பத்தொன்பது வயதுப் பெண். டவுனில் மற்றவர்கள் நடனத்துக்குப் போன சாயங்காலங்களில் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்க ஊரில் டீச்சர் வேலை. மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள். ஊரே ‘டீச்சரம்மா’ என்றது, காப்பிக்கடை பார்க்காமல்.

எவாந்தியா மட்டும் தேய்ந்துகொண்டே போனாள். வாசித்த பெயர் அவனைக் கொன்றுவிட்டதோ என்கிற பயம். தூரத்தில் யாராவது செத்த செய்தி காதில் விழுந்தால் செத்தவனுக்கு என்ன வயது என்று விசாரிப்பாள். கேட்டு எழுதவும் வழியில்லை. எழுத வேண்டாம் என்று தடுத்தவளே அவள்தானே.

அறுபதாம் வருஷம் இலையுதிர் காலத்தில் சார்ஜெண்ட் கரவேலஸ் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை நாற்காலி இழுத்துப் போடவில்லை. மேசையில் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக வந்த தாள் ஒன்று இருந்தது.

“டாஷ்கெண்டுலேருந்து ஒருத்தன் விண்ணப்பம் போட்டிருக்கான். ஸ்டெர்யோஸ், தோமாஸ் மகன். இந்த ஊர்ல பொறந்தவனாம். பொண்டாட்டி புள்ளையோட ஊருக்குத் திரும்பி வரணுமாம்.”

எவாந்தியா சிரித்துவிட்டாள். நாலு வருஷத்துப் பயம் ஒரே சிரிப்பில் வெளியே கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சாகல. அவன் சாகல!”

“சிரிக்காதீங்கம்மா. யோசிங்க.” அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “அது என் மகன்தான்னு நீங்க சொன்னா, அம்பத்தாறுல நான் மேலே அனுப்பினது பொய். சாமி எழுதின சீட்டு பொய். உங்க பொண்ணோட வேலை அந்தச் சீட்டு மேலதான் நிக்குது. தெரியாது, இவன் யாரோன்னு சொன்னா விண்ணப்பத்தத் திருப்பி அனுப்பிடுவேன். அத்தோட முடிஞ்சுது. இன்னொரு தடவை அவனுக்கு வாய்ப்பு வராது.”

“அவன்தான்னு சொல்ல வேற என்ன வேணும்?”

சார்ஜெண்ட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ரத்த சொந்தம் ஒருத்தர். கூட, கறை இல்லாத குடும்பத்துலேருந்து ஒரு சாட்சி. திங்கக்கிழமைக்குள்ள. சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல.”

சனிக்கிழமை அக்லயா வந்தாள். எவாந்தியா சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்லயா ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டாள். பிய்த்த துண்டு எதுவும் வாய்க்குப் போகவில்லை.

“உயிரோட இருக்கான்னு எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“அம்பத்து மூணு.”

“நான் அந்தத் தாள் மேல விழுந்து அழுதப்ப?”

“தெரியும்டி கண்ணு.”

“ரெண்டு வருஷம் கறுப்பு போட்டேன். என் கையால எழுத வச்சியேம்மா. வேற யார் கையும் கெடைக்கலியா உனக்கு?”

“உனக்காகத்தான்...”

“எனக்காகன்னு சொல்லாத. நான் கேக்கல.” தட்டைத் தள்ளினாள். “இப்ப என்ன செய்யப் போற?”

“உன்னக் கேக்காம ஒரு தடவை செஞ்சேன். இப்பக் கேக்கறேன். வேலை போகும். வேற வேலை பாத்துக்கலாம், தையல்... உன் அண்ணன் வருவான்.”

“தையலா?” என்றாள் அக்லயா. “நாப்பது புள்ளைங்க என் முன்னால உக்காந்திருக்கு. யாரும் என்ன இந்த வீட்டுப் பொண்ணுன்னு பாக்கறதில்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் போக வேண்டியவள், காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். கோபம், ஆறிவிடும் என்று எவாந்தியா நினைத்தாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பதிமூன்று வருஷமாகத் தாண்டாத வாசலைத் தாண்டினாள்.

டெஸ்போ மிளகாயை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சுவர் வழியா எல்லாம் கேட்டுச்சு. வந்த விஷயத்தச் சொல்ல வேண்டாம்.”

“கறை இல்லாத குடும்பம் வேணுமாம். இந்த ஊர்ல உன்ன விட...”

“என் புள்ளையக் குடுத்து வாங்கின பேருடி அது.” நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். “வரேன்.”

எவாந்தியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நன்றி கின்றின்னு ஏதாச்சும் சொன்னே, இந்த மிளகாயக் கண்ணுல தேச்சுருவேன். உனக்காக வரல. அவன் வரட்டும். இந்த வாசல்ல அவன நிறுத்தி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கதவக் காட்டினது நீயான்னு. பதிமூணு வருஷமா அந்தக் கேள்விக்குத்தான் சோறு போட்டு வளத்துக்கிட்டு இருக்கேன்.”

“இல்லன்னு சொன்னா?”

“நம்புவேனோ மாட்டேனோ. அவன் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்.”

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தார்கள். இரண்டு காப்பிக்கடையிலும் பகடைக்காய் உருட்டுவது நின்றது. ஒரு கடை வாசலில் யாரோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். டெஸ்போ நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். “வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறானுங்க பாரு, காளை கன்னு போட்ட மாதிரி,” என்றாள். எவாந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. கால் தரையில் பாவவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்தவன், வந்தால் கூரையைச் சரிசெய்வான், பேத்திக்கு எந்தக் கட்டில் போடுவது என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

சார்ஜெண்ட் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டெஸ்போவைப் பார்த்தால் எழுந்துதான் நிற்பார்.

“அடடா, நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டு? காரியம்தான் முடிஞ்சுபோச்சே.”

“எது முடிஞ்சுது?” என்றாள் டெஸ்போ.

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். எவாந்தியாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரியும். வட்ட வட்டமாக, வரி கோணாமல், அழகான கையெழுத்து. வருஷா வருஷம் அடுப்படியில் பார்த்த கையெழுத்து.

“நேத்துக் காலையில பஸ்ஸுக்கு முன்னால டீச்சரம்மா வந்தாங்க. ‘என் அண்ணன் நாற்பத்தொன்பதில் இறந்துவிட்டான், விண்ணப்பித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. தபால் மதியம் போகுது.”

“இன்னும் போகலைல்ல?” டெஸ்போ எவாந்தியாவின் முழங்கையைப் பிடித்தாள். “இவ பெத்தவ. இவ சொல்றா, அவன்தான்னு. நான் சாட்சி. எழுதுங்க.”

சார்ஜெண்டின் முகம் மாறியது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “எழுதலாம்மா. அப்ப டீச்சரம்மா அரசாங்கத்துக்குப் பொய் வாக்குமூலம் குடுத்ததா ஆகும். அம்பத்தாறுல அவங்களுக்குத் தெரியாதுன்னாவது சொல்லலாம். இப்ப அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. வேலையோட போகாது. ஜெயில்.” பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். “பெத்தவ சொல்லட்டும். நான் எழுதறேன்.”

எவாந்தியா அந்த வட்ட வட்ட எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுடி,” என்றாள் டெஸ்போ. “வாயத் தொற.”

வெளியே யாருடைய கோவேறு கழுதையோ லாடம் தட்டிக்கொண்டு போனது. சார்ஜெண்ட் காத்திருந்தார்.

“நான் அதுக்கு வரல,” என்றாள் எவாந்தியா. “காட்டுல வெறகு வெட்ட அனுமதிச் சீட்டு வேணும். குளிர் வருது. ரெண்டு சுமைக்கு.”

சார்ஜெண்டின் நெற்றி தெளிந்தது. “அதுக்கென்னம்மா. மூணு சுமைக்கே தரேன்.” வேறொரு தாளை எடுத்து, தானே எழுதி, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார்.

டெஸ்போவின் கை எவாந்தியாவின் முழங்கையிலிருந்து விலகியது. வெளியே வந்து டெஸ்போ பத்தடி தூரம் முன்னால் நடந்தாள். அப்புறம் நின்றாள்.

“ரெண்டாவது தடவையும் கொன்னுட்ட.”

“எனக்கு வேற என்னடி வழி?”

“மூணு சுமை வெறகு,” என்றாள் டெஸ்போ. “யாருடி வெட்டுவா உன் வீட்ல?”

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. தெருவின் அந்த ஓரமாக, தன் பக்கத்துக் காப்பிக்கடை வழியாக நடந்து போனாள். எவாந்தியா சீட்டை நாலாக மடித்தாள். அப்புறம் இந்த ஓரமாக நடந்தாள்.